ஐம்பதைத் தாண்டாத எஞ்சின்

என் கணவர் பஸ்லான் கட்டாருக்குப் போன பிறகு, எங்கள் கராஜைப் பூட்டு என்று சொல்லாத ஆள் காத்தான்குடியில் இல்லை. நான் பூட்டவில்லை. கல்லடி கனகசிங்கம் அண்ணனின் பழைய மொறிஸ் மைனர் காரின் எஞ்சினைப் பிரித்து, புதுப் பிஸ்டனும் ரிங்கும் போட்டு, கடைசி நட்டு வரை நானே முறுக்கினேன். ஒரு முழு எஞ்சினைத் தனியாகக் கோத்துப் பூட்டியது இதுதான் முதல் தடவை. இது வழியில் நின்றால், பிறகு ஒருவரும் என்னிடம் ஒரு சைக்கிளைக்கூடத் தரமாட்டார்கள்.

ஏறாவூர் வரை முதல் ஓட்டத்துக்குக் கிளம்பும்போது எதிர்க் கராஜ் மின்ஹாஜ் நானா பிக்கப்போடு வந்து நின்றார். கையில் இழுவைக் கயிறு.

"நான் பின்னுக்கு வாறன் தங்கச்சி. ஏறாவூர் போக முன்னம் இது தேவைப்படும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கனகசிங்கம் அண்ணன் டயர்களுக்கு அடியில் நாலு தேசிக்காய் வைத்துவிட்டு முன்சீட்டில் ஏறினார். நான் பிஸ்மி சொல்லி, அவற்றை நசுக்கிக்கொண்டு புறப்பட்டேன்.

புது எஞ்சின் முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு வேகத்தில் ஐம்பதைத் தாண்டக் கூடாது. பாரமும் இழுக்கக் கூடாது. கல்லடிப் பாலத்தில் ஓட்டோக்காரர்கள் எல்லாரும் எங்களை முந்தினார்கள். மின்ஹாஜ் நானா மட்டும் முந்தாமல், ஹோன் அடித்தபடியே பின்னால் வந்தார்.

தன்னாமுனையில் ஹோன் சத்தம் நின்றது. கண்ணாடியில் பார்த்தேன். பிக்கப்பின் பொனட்டுக்குள்ளிருந்து ஆவி பறந்தது.

காரைத் திருப்பி அவரருகே நிறுத்தி, எஞ்சினை நிறுத்தச் சாவியில் கை வைத்தேன்.

"நூக்காத புள்ள!" கனகசிங்கம் அண்ணன் பதறினார். "புது எஞ்சின் இறுக்கமெல்லோ. சூட்டில திரும்ப ஸ்டார்ட் எடுக்காட்டி?"

எனக்கும் அதே பயம்தான். ஆனால் என் எஞ்சினை நானே நம்பாவிட்டால் வேறு யார் நம்புவது? நூர்த்துவிட்டேன்.

என் எஞ்சினுக்குக் காவல் வந்தவர் தன் ரேடியேட்டர் குழாயைப் பார்க்கவில்லை. அது வெடித்திருந்தது. கயிற்றைப் பிடித்தபடி தலை நிமிராமல் கேட்டார்.

"கொஞ்சம் இழுத்து விடுறியா தங்கச்சி?"

"ஏலா நானா. பாரம் இழுக்கக் கூடா. கயித்தோட பின்சீட்டில ஏறுங்க."

ஏறினார். ஸ்டார்ட்டரை இழுத்தேன். ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஏறாவூரை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பினோம். காத்தான்குடி நெருங்க, பின்னாலிருந்து தணிந்த குரல்.

"சந்தியில இறக்கி விடுகா. நான் நடந்து போறன்."

"ஏலா நானா. புது எஞ்சினைக் கண்ட கண்ட இடத்தில நிப்பாட்டக் கூடா."

அது சுத்தப் பொய். கனகசிங்கம் அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

நேரே மின்ஹாஜ் நானாவின் கராஜ் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். வேலையாட்கள் கூடிவிட்டார்கள். கயிற்றோடு இறங்கியவர் பொனட்டுக்குக் கிட்டே காது கொடுத்துக் கொஞ்ச நேரம் நின்றார்.

"ஆரு நானா இதப் பூட்டின?" என்றார் ஒருவர்.

"இவதான்," என்றார் மின்ஹாஜ் நானா.

எஞ்சினை நான் நூர்க்கவில்லை. தெரு முழுக்கக் கேட்கட்டும் என்று ஓடவிட்டேன்.