காருக்குள் பேசியவள்

வெர்லின் டாக்கெட் தன் ரேடியோ ஸ்கேனரின் பின்மூடியைக் கழற்றி, எள்ளளவு டையோடு ஒன்றைக் கத்தரித்தார். அவ்வளவுதான் வேலை. காகித ஆலையில் முப்பது வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்தவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ரேடியோ சந்தையில் ஒரு நாள் முழுக்க அலைந்து இந்தப் பழைய மாடலைத் தேடிப் பிடித்ததே அதற்காகத்தான். அந்த ஒரு துண்டு போனால், அடைத்து வைத்திருந்த கைப்பேசி, கார் போன் அலைவரிசைகளும் திறந்துகொள்ளும். போலீஸ், தீயணைப்பு வண்டிகளின் ரேடியோ பேச்சை ஸ்கேனரில் கேட்பதை ஊரில் யாரும் குறை சொல்வதில்லை. போன் பேச்சை ஒட்டுக்கேட்பது சட்டப்படி குற்றம். கருவி வேலை செய்கிறதா என்று பார்க்கத்தானே என்று மூன்று நாளாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

நான்காம் நாள் காலை லொரீனின் குரல் வந்தது. பக்கத்து வீட்டு நண்பர் ஆர்வில்லின் மனைவி. வீடு விற்றுக்கொடுக்கும் வேலை, அதனால் காரில் போன் உண்டு. ஜன்னல் வழியாகப் பார்த்தார். காரை வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள்.

"மார்ல கட்டி, அக்கா. வியாழக்கிழமை சதையை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பறாங்க. ஆர்வில்கிட்ட சொல்லல. அவங்கம்மா இதுலதான் போனாங்க. செவ்வாய்க்கிழமை முடிவு வரட்டும், நானே சொல்லிக்கறேன்."

பிறகு அழுதாள். வெர்லினின் விரல்கள் குமிழின் மேல்தான் இருந்தன. ஒரு திருகு திருகினால் குரல் நின்றுவிடும். திருகவில்லை.

வெள்ளிக்கிழமை உணவகத்தில் ஆர்வில் முட்டையைக் கிளறிக்கொண்டே புலம்பினார். "என்ன சொன்னாலும் எரிஞ்சு விழறாடா. நேத்து பூரா மூஞ்சியைக்கூட பாக்கல."

நண்பனின் வாட்டம் தாளாமல் வெர்லினின் வாய் முந்திக்கொண்டது. "விடுடா. டெஸ்ட் முடிவு வர்றவரைக்கும் அப்படித்தான் இருக்கும்."

"என்ன டெஸ்ட்?"

வெர்லின் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். ஆர்வில் அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

மதியம் லொரீன் வந்து கதவைத் தட்டினாள். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"எங்கக்காவைத் தவிர யாருக்கும் தெரியாது வெர்லின்."

பொய் ஒன்றும் அகப்படவில்லை. மேஜைமேல் இருந்த ஸ்கேனரைக் கைகாட்டினார். அவள் அதைப் பார்த்தாள். புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"நான் அழுததையும் கேட்டீங்களா?"

ஆமென்று தலையசைத்தார். காது மடல்கள் எரிந்தன. திருட்டில் பிடிபட்டவனுக்காவது திருப்பிக் கொடுக்க ஒரு பொருள் இருக்கும் என்று தோன்றியது.

"அவர்கிட்ட எப்படிச் சொல்லணும்னு ஒவ்வொரு வார்த்தையா சேத்து வெச்சிருந்தேன்," என்றாள், குரலை உயர்த்தாமல். "இப்ப அவர் கொட்டகைக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டார்."

"தப்புதாம்மா. பெரிய தப்பு."

 புல்வெளியைக் குறுக்கே கடந்து திரும்பிப் போனாள்.

அடுத்த செவ்வாய் பிற்பகல் வெர்லின் தக்காளிச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுக் கார் வந்து நின்றது. ஆர்வில்தான் ஓட்டி வந்திருந்தார். இருவரும் இறங்கினார்கள். நாலு எட்டுகூட வைக்கவில்லை, ஆர்வில் அவளை அப்படியே சேர்த்து அணைத்துக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. சிரிப்பா அழுகையா, இங்கிருந்து தெரியவில்லை. இருபதடி தூரம்தான். போய்க் கேட்டால் தெரிந்துவிடும். வெர்லின் முகத்தைத் திருப்பிக்கொண்டார். குழாயிலிருந்து கொட்டிக்கொண்டே இருந்த தண்ணீர் பாத்தி நிறைந்து வரப்பைத் தாண்டி அவர் செருப்புக்குள் புகுந்தது. காலை எடுக்காமல் நின்றார்.