நூறு வோல்ட்ஸ்

முந்தின நாள் பின்னேரம் இடி முழங்கியதால் தேயிலைத் தோட்டத்துப் பங்களாவிலிருந்த எல்லா பிளக்கையும் விஜயகலா பிடுங்கி வைத்திருந்தாள். காலையில் அவளேதான் திரும்ப மாட்டினாள். மானேஜர் துரையும் அவர் மனைவி நோனாவும் மகன் பொடி மஹத்தயாவோடு கொழும்புக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். டீவி வேலை செய்தது, வைஃபை விளக்கும் எரிந்தது. கடைசியாக, மகன் ஜப்பானிலிருந்து கொண்டு வந்திருந்த கேம் பெட்டியின் வயரை மல்டி பிளக்கில் செருகினாள்.

உள்ளே ‘டப்’ என்று ஒரு சத்தம். கூடவே தீய்ந்த வாடை.

பதறிப்போய் வயரை இழுத்தாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி மாட்டி பட்டனை அமுக்கிப் பார்த்தாள். ஒரு வெளிச்சமும் இல்லை. அப்போதுதான் மேசைக்குப் பின்னால் கிடந்த, கரண்டைக் குறைக்கிற கனத்த இரும்புப் பெட்டி கண்ணில் பட்டது. இந்த வயர் அந்தப் பெட்டிக்குள்தான் போகவேண்டும், சுவரில் நேரே மாட்டக்கூடாது என்று பொடி மஹத்தயா வந்த அன்றைக்கே சொல்லியிருந்தார். அது அடியோடு மறந்து போயிருந்தது.

அவளுக்குச் சுகந்தினியின் ஞாபகம் வந்தது. விஜயகலாவுக்கு முன்னால் இங்கே வேலை செய்தவள். நோனாவின் சங்கிலி காணாமல் போன அன்றே அவளை நிறுத்திவிட்டார்கள். மூன்றாம் நாள் நோனாவின் கைப்பைக்குள்ளேயே சங்கிலி கிடைத்தது. சுகந்தினியை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை.

பத்து மணிக்கு நோனா கொழும்பிலிருந்து போன் எடுத்தார். “நாலு மணிக்கு வந்திருவோம். தேத்தண்ணி போட்டு வை.” சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். “சரிங்க நோனா” என்பது மட்டுமே வந்தது.

கேம் பெட்டியைத் துவாயில் சுற்றி அரிசிப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கினாள். கேட்டில் வாச்சர் செல்லையா நின்றார்.

“என்னம்மா பையில?”

“ரைஸ் குக்கர் அண்ணே. ரிப்பேருக்கு.”

பொய் தானாக வந்து விழுந்தது. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இவ்வளவு நேரம் அது பழுதான சாமான். இப்போது பங்களாவிலிருந்து தூக்கிக்கொண்டு போகிற சாமான். யாராவது பையைத் திறந்தால் என்ன சொல்வது? புளத்கொகுபிட்டிய டவுனுக்கு வந்து சேரும்வரை பையை மடியைவிட்டு இறக்கவில்லை.

கடைவீதியில் பயாஸின் ரிப்பேர் கடை. அவர் பெட்டியைக் கவிழ்த்துப் பின்னாலிருந்த சீட்டைப் படித்தார்.

“நூறு வோல்ட்ஸ் சாமான் இது. நம்மட ஊர் கரண்டு இருநூத்தி முப்பது. நேர குடுத்தீங்களா, தங்கச்சி?”

“ஆமாங்க. செத்துப்போச்சுங்களா?”

“தொறந்து பாப்பம்.”

மூடியைக் கழற்றி, மீட்டரின் இரண்டு கம்பிகளையும் ஒவ்வோர் இடமாக வைத்தார். அது சத்தம் போடவேண்டிய இடத்தில் போடவில்லை. “ஃபியூஸ் போயிட்டு.” பக்கத்திலிருந்த நீல வில்லை ஒன்று வெடித்துக் கருகியிருந்தது. “இதும்தான். கரண்டு கூடினா மத்ததக் காப்பாத்தத்தான் இத வைக்கிறது. காப்பாத்திச்சா இல்லையான்னு போட்டாத்தான் தெரியும்.”

இரண்டையும் மாற்ற ஒரு மணி நேரம் ஆனது. விஜயகலா சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பயாஸ், பங்களாவில் இருந்தது போன்ற நூறு வோல்ட்ஸ் பெட்டி ஒன்றை எடுத்து, நடுவில் ஒரு குண்டு பல்பையும் சேர்த்து இணைத்தார். “பல்பு பளிச்சுன்னு எரிஞ்சா உள்ள இன்னும் ஷோர்ட் இருக்கு.” ஸ்விட்சைப் போட்டார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“பாருங்க.”

பல்பு மங்கலாகத்தான் எரிந்தது. பல்பைக் கழற்றிவிட்டு அவர் மறுபடி போட்டபோது, கேம் பெட்டியில் சின்னதாய்ப் பச்சை வெளிச்சம்.

திரும்பும் பஸ் பிந்தியது. தேயிலைக்குள் குறுக்கே ஏறி அவள் கேட்டுக்கு வந்தபோது மணி நாலரை. துரையின் ஜீப் வாசலில் நின்றது.

“நோனா உன்னைய தேடினாங்க” என்றார் செல்லையா. “ரைஸ் குக்கர் ரிப்பேருக்குப் போயிருக்குன்னு சொல்லிட்டேன்.”

ரைஸ் குக்கர் குசினி மேசைமேல் இருக்கிறது. பையோடு அப்படியே ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஓடினால் அவர்கள் நினைப்பதுதான் உண்மை என்றாகிவிடும்.

ஹோலில் நோனா போனைக் கையில் பிடித்தபடி நின்றார். டீவி மேசையில் வெறும் இடம். யாரும் கேட்குமுன் விஜயகலா பையை நிலத்தில் வைத்து, சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். நேரே மாட்டியது, சத்தம், பயாஸ் கடை, செல்லையாவிடம் சொன்ன பொய். நடுவில் குரல் உடைந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

பொடி மஹத்தயா பெட்டியை எடுத்து, இரும்புப் பெட்டியில் மாட்டிப் பட்டனை அமுக்கினார். பச்சை வெளிச்சம் வந்தது. “வேலை செய்யுது அம்மா” என்றார். பிறகு விஜயகலாவைப் பார்த்து, “எனக்கு ஒரு போன் எடுத்திருக்கலாமே, அக்கே” என்றார்.

“வேலை போயிரும்னு பயந்துட்டேன், மஹத்தயா.”

நோனா போனை மேசையில் வைத்தார். “உடைஞ்சதுக்கு நான் ஒண்டும் சொல்லமாட்டேன். கேட்காம வெளிய கொண்டுபோனதுதான் பிழை. நாளையிலிருந்து நீ குசினி வேலையை மட்டும் பாரு.”

வேலை போகவில்லை. விஜயகலா குசினிக்குப் போய் அடுப்பில் தண்ணீரை வைத்தாள். தேயிலைப் போத்தலைத் திறந்தாள். ஹோலில் நோனா மறுபடி போனை எடுக்கும் சத்தம் கேட்டது. யாரோடு பேசுகிறார் என்று தெரியவில்லை. அவள் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு, கதவோரம் நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

கல்யாணச் சாப்பாட்டைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்.