வெள்ளை தெரிந்தால் விடுப்பு

இந்த வருடம் ஐந்தாவது முறையாகப் பவுலினின் தொண்டையில் வெள்ளைப் புள்ளிகள் வந்து, ஐந்தாவது முறையாக மாத்திரைக்கு அடங்கியிருந்தன. வந்தால் காய்ச்சலோடு வரும். எச்சில் விழுங்கினால் காதுவரை வலிக்கும்.

விழுப்புரத்து டாக்டர் கடைசியில் சொல்லிவிட்டார்: "டான்சில எடுத்துடலாம்மா. ஆனா புண்ணு இருந்தா கை வைக்க மாட்டேன். தொண்டை சுத்தமா இருக்கணும்." வியாழக்கிழமைக்குத் தேதி கொடுத்தார். அதை விட்டால் இரண்டு மாதம் கழித்துத்தான்.

பதினைந்து நாள் விடுப்பு வேண்டும். பவுலின் திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். சொல்லாமல் போனால் திரும்பி வரும்போது அவள் நாற்காலியில் வேறொருத்தி இருப்பாள். தாளாளர் சித்தார்த்தனுக்கு வாசல் பலகையில் பெயருக்கு முன்னால் இரண்டு பட்டம், பின்னால் மூன்று. நடுவில் பெயர் இடுங்கி நின்றது.

திங்களன்று விடுப்புக் கடிதத்தை நீட்டினாள்.

"லெட்டர் யார் வேணா எழுதலாம் டீச்சர். நிர்வாகம் என்பது கண்ணால் கண்டு முடிவெடுப்பது. வாயத் தொறங்க. வேணி, டார்ச் அடிம்மா."

ஆபீஸ் கிளார்க் வேணி செல்போன் வெளிச்சத்தைப் பிடித்தாள். பவுலினுக்கு வெட்கம் வரவேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை. கணவன், மாமியார், மெடிக்கல் கடைக்காரர், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி என்று எல்லோரும் எட்டிப் பார்த்த தொண்டைதான்.

"எங்க வெள்ளை?"

"இப்ப இல்ல சார். இல்லாதப்பதான் ஆபரேஷன் பண்ணுவாங்க."

"இல்லாத வியாதிக்கு ஆபரேஷனா? முப்பதாண்டுக் கல்விப் பணியில் இப்படி ஒரு லீவ நான் கேள்விப்பட்டதில்ல."

"டாக்டர் சீட்டு வச்சிகினு இருக்காங்க சார்," என்றாள் வேணி.

"சீட்டு இருக்கட்டும். வெள்ளை தெரியட்டும், அன்னிக்கே கையெழுத்து. நான் மனிதாபிமானி."

வீட்டில் கணவன் பிரான்சிஸ் கேட்டான்: "இன்னா சொன்னாரு?"

"வெள்ளை இல்லன்னாரு."

"ரெண்டு குச்சி ஐஸ் தின்னுட்டுப் போய்க் காட்டேன்."

அவள் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. மறுநாள் நாற்பத்தைந்து பிள்ளைகளோடு சேர்ந்து ஏழாம் வாய்ப்பாடு கத்தினாள்.

புதன் காலை, பஸ் விக்கிரவாண்டி தாண்டும்போது எச்சிலை விழுங்கினாள். காதுவரை வலித்தது. செல்போனில் பார்த்துக்கொண்டாள். வலப்பக்கம் இரண்டு, இடப்பக்கம் ஒன்று. போனைப் பைக்குள் வைத்தாள்.

இந்த முறை டார்ச்சைத் தாளாளரே வாங்கிக்கொண்டார்.

"இதோ! இதைத்தானே கேட்டேன்!" புதுக் கோளைக் கண்டுபிடித்தவர்போல் வேணியையும் கூப்பிட்டுக் காட்டினார். பதினைந்து நாளுக்குக் கையெழுத்துப் போட்டார். கடிதத்தை அவள் கையில் கொடுப்பதுபோல் ஒரு போட்டோ எடுக்கச் சொன்னார். அது சரியாக விழவில்லை என்று இன்னொன்று.

மதியம் விழுப்புரத்தில் டாக்டர் ஒரு நொடிதான் பார்த்தார்.

"அடடா, மறுபடியும் வந்துட்ச்சா? நாளைக்கு முடியாதும்மா. மாத்திரை எழுதறேன். ரெண்டு மாசம் கழிச்சி சுத்தமான தொண்டையோட வாங்க."

வியாழன் காலை, ஆபரேஷன் நடக்கவேண்டிய நேரத்தில், பவுலின் அடுப்படியில் வெந்நீரில் உப்பைக் கலக்கிக்கொண்டிருந்தாள். பள்ளி வாட்ஸப் குழுவில் போட்டோ வந்திருந்தது. 'ஆசிரியர் நலனில் நம் தாளாளர்.' கீழே முப்பத்தெட்டுக் கைகூப்பல்கள்.

"லீவ திருப்பிக் குடுத்துட்டு அப்பறமா எடுத்துக்க முடியாதா?" என்றான் பிரான்சிஸ்.

கடிதத்தை அவன் பக்கம் தள்ளினாள். கையெழுத்துக்குக் கீழே தாளாளர் பச்சை மையில் எழுதியிருந்தார்: 'இக்கல்வியாண்டில் இனி மருத்துவ விடுப்பு இல்லை.'

அவள் உப்புத் தண்ணீரை வாயில் ஊற்றிக்கொண்டு அண்ணாந்தாள்.