மூன்று சாவி

பூட்டுக்கடையில் இருபது வருஷமாகச் சாவி வெட்டுகிறேன். என் வீட்டுக் கதவு மட்டும் சாவிக்கு மசியாது. பாதி திருப்பி, கதவைக் கொஞ்சம் தூக்கி, தோளால் ஓர் இடி இடித்தால்தான் திறக்கும்.

வருஷத்துக்கு ஒருமுறை வரும் தங்கச்சி, பெட்டியோடு வாசலில் நின்று அதைப் பார்த்தாள்.

“ஊருக்கெல்லாம் பூட்டு மாட்டுறே. உன் கதவோட இன்னும் மல்லுக்கட்டுறே. போன தடவை வாங்கி வச்ச பூட்டு எங்கண்ணே?”

“இருக்கு. மாட்ட நேரமில்ல.”

“ஞாயித்துக்கிழமை பூரா தனியா சுவரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கியே, அது என்ன நேரம்?”

அலமாரி மேலிருந்து பூட்டுப் பெட்டியை எடுத்தேன். உள்ளே பூட்டோடு மூன்று சாவிகள். கடைக்கு வருகிறவர்களுக்கு மூன்று போதாது. மகளுக்கு ஒன்று, மாமியாருக்கு ஒன்று, பக்கத்து வீட்டில் ஒன்று என்று இன்னும் வெட்டச் சொல்வார்கள்.

பழைய பூட்டின் திருகாணி இரண்டைக் கழற்றிய பிறகு, புதுச் சாவியில் ஒன்றைத் தங்கச்சியிடம் நீட்டினேன்.

“இதை நீ வச்சுக்க.”

“எனக்கெதுக்குண்ணே? நான் வர்றப்பல்லாம் நீ வீட்லதானே இருக்கப்போறே,” என்று சிரித்தாள். அவள் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை.

புதுப் பூட்டை வைத்துக்கூடப் பார்க்காமல், கழற்றிய திருகாணிகளைத் திரும்ப முடுக்கினேன்.

“என்னாச்சு?”

“அளவு சேரலை. கடையில மாத்திட்டு அடுத்த வாரம் போடுறேன்.”

மூன்று சாவியையும் பெட்டிக்குள் போட்டு மூடினேன். அலமாரி மேல் தூசியில் பெட்டி இருந்த இடம் சதுரமாகத் தெரிந்தது. அதிலேயே வைத்தேன். கச்சிதமாகப் பொருந்தியது.