தயாளினி என்று சொல்லு

பிரேமிளா முடிவெடுத்துவிட்டாள். முற்றத்துக் கதிரையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிற பெண் உண்மையாகவே தன் மகள் என்றால், சொந்தப் பெயரைச் சரியாகச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

குருநாகலில் ஒரு சிங்களக் குடும்பம் வளர்த்த பெண் அவள். பெயர் நெத்மி, வயது பதினாறு. யுத்தம் முடிகிற நேரம் முல்லைத்தீவுப் பக்கம் கண்டெடுத்த பிள்ளை என்று போன வருடம்தான் அவளுக்குச் சொன்னார்கள். காணாமற்போன பிள்ளைகளைத் தேடித் திரியும் மேனுகா அவளைப் பிரேமிளாவின் ஊரான ஜெயபுரத்துக்குக் கூட்டிவந்திருந்தாள். தாய், மகள் இருவரின் இரத்தமும் மரபணுப் பரிசோதனைக்குப் போயாயிற்று. முடிவு வர மூன்று கிழமை ஆகும்.

மூன்று கிழமை பொறுத்தால் குடியா முழுகிப்போகும்? பிரேமிளாவால் முடியவில்லை. முள்ளிவாய்க்காலில் வயிற்றில் காயப்பட்டு விழுந்தவள் அவள். வவுனியா ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது ஒன்பது மாதக் குழந்தை தயாளினி பக்கத்தில் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் மல்லாவியில் ஒரு பெண்ணைக் கட்டிப்பிடித்து ஊரைக் கூட்டி அழுதாள். அது வேறு யாரோ பெற்ற பிள்ளை. இன்னொரு தரம் ஏமாற அவளுக்குத் தெம்பில்லை.

"தயாளினி எண்டு சொல்லு பாப்பம்."

"தயாலினி," என்றாள் நெத்மி.

"லி இல்லை, ளி. நாக்கை மடி." பிரேமிளா வாயைத் திறந்து, நாக்கை மேலே வளைத்துக் காட்டினாள்.

"தயாலினி."

மூன்றாம் தரமும் அதே. ஏழாம் தரமும் அதே. கண் நிறைந்துபோய், நெத்மி சிங்களத்தில் ஏதோ சொன்னாள்.

"ரெண்டும் தனக்கு ஒரே மாதிரித்தான் கேக்குதாம், அக்கா," என்றாள் மேனுகா. "சிங்களப் பேச்சில அந்த வித்தியாசம் இல்லை. பிறக்கேக்க குழந்தையள் எல்லாச் சத்தத்தையும் பிரிச்சுக் கேக்குமாம். ஒரு வயசு வர முதலே, சுத்தி இருக்கிறவை கதைக்காத சத்தத்தைக் காது கைவிட்டிடும். பிழை அவளில இல்லை."

"ஒன்பது மாசம் என்ர வாயைப் பாத்துக்கொண்டு கிடந்தது என்ர பிள்ளை. நாளைக்கு நூறு தரம் கூப்பிட்டனான். அது மறக்குமே?"

மறக்கும். ஒன்பது மாதம் போதாது. ஆனால் அதை மேனுகா எந்த வாயால் ஒரு தாயிடம் சொல்வது?

"கூட்டிக்கொண்டு போங்கோ," பிரேமிளா வாசல் படலையைக் காட்டினாள். "இது என்ர பிள்ளை இல்லை."

நெத்மிக்குத் தமிழ் தெரியாது. நீட்டிய கை விளங்கியது. கொண்டுவந்த பிஸ்கட் பெட்டியைக் கதிரையில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

இருபதாம் நாள், பிரேமிளா கச்சான் கடலை பிடுங்கிக்கொண்டிருந்தபோது மேனுகாவின் போன் வந்தது. இரத்தம் ஒத்துப்போயிருந்தது.

பிரேமிளா மண்ணிலேயே குந்திவிட்டாள். பெற்ற பிள்ளையை வாசலில் வைத்துத் துரத்திய பாவி அவள். வேறு யாரும் அல்ல.

"பிள்ளையின்ர நம்பரைத் தாங்கோ, மேனுகா. நான் கதைக்கிறன்."

"அவளுக்கும் சொல்லிட்டன், அக்கா." மேனுகாவின் குரல் இறங்கியது. "இனி வரமாட்டாளாம். வாயில வராத பேர் எப்பிடித் தன்ர பேராகும் எண்டு கேக்கிறாள்."

மகளின் போன் முதல் தடவை அடித்து ஓய்ந்தது. இரண்டாம் தடவை நெத்மி எடுத்தாள். பதினாறு வருடமாகக் கூப்பிட்ட பெயரைப் பிரேமிளா முதன்முறையாக, மகளின் வாயில் வருகிற மாதிரியே, பிழையாகக் கூப்பிட்டாள்.

"தயாலினி."

நெத்மியின் காதுக்கு இரண்டும் ஒன்றுதான். போனை வைத்துவிட்டாள்.