சனிக்கிழமை கலக்கிய மருந்து

கடலைச் செடியில் புள்ளி விழுந்த அன்றே இஸ்ரவேல் சொல்லிவிட்டான், இந்த வெள்ளாமையும் போனால் ஆள் சேர்க்கும் கங்காணியோடு கண்டிக்குப் போய்விடுவேன் என்று. எனக்கு மிஞ்சிய ஒரே மகன் அவன். கண்டித் தேயிலைத் தோட்டத்துக்குப் போன என் தம்பி திரும்பி வரவேயில்லை. அதனால் புள்ளி விழுந்த இலையைக் கண்ட இடத்திலெல்லாம் கிள்ளி எறிந்தேன்.

பாளையங்கோட்டைக்குத் தெற்கே எங்கள் விளை, செம்மண் புஞ்சை. தாமிரபரணி எங்களுக்குப் பார்க்க மட்டுந்தான். பிழைப்பெல்லாம் மழையை நம்பி. விடியற்காலைப் பனியில் அடுப்புச் சாம்பலைத் தூவிப் பார்த்தேன். வேப்பம்புண்ணாக்கை ஊறவைத்து, வடிகட்டித் தெளித்தேன். கை கசந்து, அந்தக் கையால் உண்ட சோறும் கசந்தது. புள்ளி கொஞ்சம் நின்ற மாதிரி இருக்கும். ஒரு தூறல் விழுந்தால் மறுபடி கறுத்துப் பரவும். அலுத்துப்போனேன்.

என் வீட்டுக்காரர் ஞானையா சபை மூப்பர். சந்தையில் விவசாய இலாகாக்காரர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, புள்ளிக்கு மருந்தாக மயில்துத்தமும் சுண்ணாம்பும் வாங்கி வந்தார். இரண்டையும் தனித்தனியே கரைத்து, மரத்தொட்டியில் ஒன்றாக ஊற்ற வேண்டும். கலக்கிய அன்றே தெளித்துவிட வேண்டும், வைத்திருந்தால் இலையில் ஒட்டாது என்பதையும் அவரே கேட்டுவந்து சொன்னார்.

சனிக்கிழமை காலையில் கலக்கினோம். வாரியல் துடைப்பத்தைத் தோய்த்து உதறி ஐந்தாறு பாத்தி தெளித்தோம்; அது இலையில் நீலமாகக் காய்ந்தும் விட்டது. கஞ்சி குடித்துவிட்டு எழுந்தால் மழை. இருட்டும்வரை விடவில்லை.

மறுநாள் சுள்ளென்று வெயில். இஸ்ரவேல் வாளியைத் தூக்கினான்.

"ஏலே, கீழ வையி. இன்னைக்கு ஆண்டவர் நாளு," என்றார் அவர்.

"அப்பா, வச்சிருந்தா கெட்டுப்போவும்னு நீங்கதான சொன்னீங்க?"

"இன்னும் ஒரு ராத்திரில என்ன கெட்டுப்போவும்? மூப்பன் விளையில ஞாயித்துக்கெழம ஆள் நின்னா ஊரு என்ன பேசும்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பிள்ள போயிருவேங்கான். உங்க காதுல விழுதா இல்லியா?"

"ஆண்டவர் பாத்துக்கிடுவாரு, சும்மா இரு ஏளா."

ஆராதனைக்குக் கோயில் மணி அடித்தது. தொட்டியைப் பாயால் மூடிவிட்டு வேட்டி மாற்றப் போனார்.

திங்கட்கிழமை திறந்தால், அடியில் திரிந்த பால் மாதிரி கட்டிக் கிடந்தது. கை ஓயக் கலக்கினோம். தெளித்தது இலையில் நிற்காமல் மண்ணில் வழிந்தது. மறுபடி துத்தம் வாங்க வழியில்லை.

இலையெல்லாம் உதிர்ந்து குச்சிதான் மிஞ்சியது. சனிக்கிழமை தெளித்த அந்த ஐந்தாறு பாத்தி மட்டும் பச்சைப்பசேல் என்று நின்றது. அதைப் பார்க்காமல் விளைக்குள் கால்வைக்க முடியவில்லை. பிடுங்கியபோதும் அங்கேதான் காய் திரண்டிருந்தது; மற்றதெல்லாம் பருப்பில்லாப் பொக்கு.

இஸ்ரவேல் யாரையும் ஒரு சொல் குறை சொல்லவில்லை. நேரே போய்க் கங்காணியிடம் பேர் கொடுத்துவிட்டு வந்தான். அவன் திட்டியிருந்தாலாவது எனக்கு ஆறியிருக்கும்.

"போவாதலேன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்களேன்," என்று அவரைக் கெஞ்சினேன்.

"எந்த மொகத்தோட சொல்லுவேன்?" என்றார். அதற்குமேல் அவரோடு சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

எங்கள் ஊரில் யார் பிரயாணம் புறப்பட்டாலும் மூப்பர்தான் தலையில் கைவைத்து ஜெபிப்பார். கப்பலேறத் தூத்துக்குடிக்குப் போகும் வண்டி வாசலில் நின்றது. இஸ்ரவேல் முழங்கால் போட்டான். அவர் கையை வைத்தார். நாங்கள் கண்ணை மூடிக் காத்திருந்தோம். ஒன்றும் கேட்கவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தேன். அவர் மகனின் தலையையே பார்த்துக்கொண்டு நின்றார். வண்டிக்காரன் இரண்டு தரம் கூப்பிட்டான்.

"அப்பா, நேரமாவுது," என்றான் இஸ்ரவேல், தலையை அசைக்காமல்.

அவர் கையை எடுக்கவில்லை. கடைசியில் நான்தான் விரல் விரலாகப் பிரித்து அந்தக் கையை எடுத்துவிட்டேன்.