மேசைமேல் கட்டிய கைகள்

எங்கள் தலைமையாசிரியர் சாகினாலிக்குத் தெரிந்த கல்வி ஒன்றே ஒன்றுதான்: பிள்ளைகள் மேசைமேல் கைகட்டி உட்கார வேண்டும். பதில் தெரிந்தால், முழங்கை மேசையை விட்டு எழாமல் முன்கையை மட்டும் நிமிர்த்த வேண்டும். அவர் படித்த காலத்தில் அப்படித்தானாம். படித்து என்ன கிழித்தார் என்று எங்கள் நாரின் ஊருக்கே தெரியும்.

கணக்கு டீச்சர் புருல்சா நேர்மாறு. அவள் வகுப்பில் முன்கையை நிமிர்த்தினால் செங்கோணம், கைகளை அகல விரித்தால் விரிகோணம், நெருக்கினால் குறுங்கோணம். பக்கத்து அறையில் வரலாறு நடத்தும் எனக்குச் சத்தம் தாங்காது. ஆனால் பிள்ளைகளுக்குக் கணக்கு வந்தது. அவள் வேலையின்மேல் தன் மருமகளுக்காகக் கண்வைத்திருந்தார் சாகினாலி. மாவட்டக் கல்வி அதிகாரி பள்ளியைப் பார்க்க வருகிறார் என்றதும் ஆள் துள்ளினார்.

“இது கூத்து மேடையில்லம்மா. நாளைக்கு ஒருத்தன் கை ஆடக் கூடாது. பிள்ளைங்க தப்பா சொன்னா, நீ வீட்டுக்குக் கிளம்பு.”

“கையைக் கட்டிட்டா அதுங்களுக்கு யோசனையே ஓடாது, ஐயா.”

“யோசிக்கிறது மண்டை! கையில்ல.”

மண்டையைப் பற்றி யார் பேசுவது என்று ஒரு விவஸ்தை வேண்டாமா?

மறுநாள் அதிகாரி எஷிம் கேட்டார்: “மூணு மணிக்கு முள்ளு ரெண்டுக்கும் நடுவுல என்ன கோணம்?”

முன்கைகள் நிமிர்ந்தன. “செங்கோணம்!”

“அஞ்சு மணிக்கு?”

அதே முன்கைகள் அப்படியே நிமிர்ந்தன. பிள்ளைகள் தங்கள் கையையே பார்த்தார்கள். “செங்கோணம்!”

“ஒரு மணிக்கு?”

“செங்கோணம்!”

புருல்சாவின் முகம் வெளுத்தது. சாகினாலிக்கு உள்ளே கொண்டாட்டம், வெளியே கோபம். “இந்தம்மா சொல்லிக்குடுத்த லட்சணம் இதுதான்!” என்று இரு கைகளையும் அகல விரித்தார்.

“விரிகோணம்!” வகுப்பே கத்தியது.

பதறிப்போய்க் கைகளை நெருக்கினார்.

“குறுங்கோணம்!”

எஷிம் கண்ணில் நீர் வரச் சிரித்தார். “இவங்க கையை யாரு கட்டச் சொன்னது?”

அத்தனை பிள்ளைகளும் தலைமையாசிரியரைப் பார்த்தார்கள்.

“அவுத்து விடுங்கப்பா. இப்ப சொல்லுங்க, அஞ்சு மணிக்கு?”

கைகள் விரிந்தன. பதிலும் வந்தது.

மதியம் சாகினாலி வீட்டில் விருந்து. மருமகளுக்கு வேலை கிடைத்துவிட்டதாகவே நினைத்துக் காலையிலேயே ஆட்டை அறுத்திருந்தார், பாவம். எங்கள் ஊர் வழக்கப்படி ஆட்டுத்தலை முக்கிய விருந்தாளியான எஷிமுக்கு வந்தது. விருந்தாளி அதன் காதை அறுத்து, சொன்ன பேச்சைக் கேட்கட்டும் என்று வீட்டின் சின்னப்பிள்ளைக்குக் கொடுப்பார். சாகினாலியின் பேத்தி ஆசையோடு நகர்ந்து உட்கார்ந்தாள்.

எஷிம் காதை அறுத்தார். அவளைத் தாண்டி அவள் தாத்தாவிடம் நீட்டினார்.

“புருல்சா எங்கயும் போகமாட்டா. நீங்க இதைச் சாப்பிடுங்க.”

இரண்டு கைகளையும் நீட்டித்தான் வாங்க வேண்டும். நீட்டினார்.